"போர்டு போச்சுக்கா!"

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. நடத்துவது ஓர் அக்கா. பரீட்சைக் கட்டணம் கட்டும் வாரம் வந்துவிட்டால் கடை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. ஆன்லைனில் ஃபார்ம் நிரப்புவது, ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுப்பது, ஸ்காலர்ஷிப்புக்கு சர்ட்டிஃபிகேட் ஸ்கேன் செய்து ஏற்றுவது... எல்லாமே ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான். 2010 வாக்கில் அசெம்பிள் செய்த மெஷின். 2 ஜி.பி. ரேம். பிரவுசரில் மூன்றாவது டேப் திறந்தால் அதற்கு மூச்சு வாங்கும்.

"ரேம் ஏத்திட்டா பறக்கும்க்கா" என்று யாரோ சொல்ல, அக்காவும் ஒரு கடையில் 4 ஜி.பி. ரேம் வாங்கி வந்தார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி சுவிட்சைத் தட்டினார்கள். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

மெக்கானிக் வந்தார். இரண்டு முறை பவர் பட்டனை அழுத்தினார். மானிட்டர் ஒயரை ஆட்டிப் பார்த்தார். தீர்ப்பு வந்துவிட்டது.

"போர்டு போச்சுக்கா. இந்த மாடல் இப்ப வர்றதில்ல. புது போர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் சேர்த்து பதினோராயிரம் ஆகும்."

மொத்த விசாரணையும் நாலு நிமிடம்!

அன்று இரவு, ப்ளஸ் டூ படிக்கும் அக்காவின் பையன் புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழைய ரேமை மறுபடி மாட்டினான். சுவிட்சைப் போட்டான். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட போர்டு எழுந்து உட்கார்ந்து விண்டோஸ் லோகோவைக் காட்டியது.

இது ஒரு கடையில் நடந்த கூத்து என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஊர் ஊராக, தெருத் தெருவாக இதே தீர்ப்பு தினமும் வாசிக்கப்படுகிறது. ரேம் மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? "போர்டு போச்சு." சில சமயம் "விண்டோஸ் போச்சு, ஃபார்மட் அடிக்கணும்." ஸ்கிரீனே வராத மெஷினில் விண்டோஸ் எங்கே வந்தது? அது ஹார்டு டிஸ்க்கில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பும் கட்டத்தையே மெஷின் எட்டவில்லை. வாசல் கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டுக்குள் இருக்கும் பீரோவை உடைக்கச் சொல்வது போன்ற வைத்தியம் இது.

*

கறுப்புத் திரை என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் நேராக விண்டோஸுக்கு ஓடுவதில்லை. மதர்போர்டில் உள்ள பயாஸ் முதலில் ஒரு சுயபரிசோதனை நடத்துகிறது. அந்தப் பரிசோதனையின் தொடக்கத்திலேயே வருவது ரேம். ரேமைக் கண்டுபிடித்து, அதன் வேகத்தையும் அளவையும் படித்து, அதைப் பழக்கிய பிறகுதான் மற்ற வேலைகள். அதுவரை இன்றைய பிராசஸர்கள் பல தங்களுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கேஷையே தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன. ஸ்கிரீனில் படம் வருவது அதற்கும் பிறகு.

அதாவது, ரேம் சரியில்லை என்று ஸ்கிரீனில் எழுதிக் காட்டவே கம்ப்யூட்டருக்கு ரேம் வேண்டும். அது இல்லாததால் மெஷின் ஊமையாக நிற்கிறது. ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை என்பது ரேம் பிரச்சினைக்கே உரிய முகம். அதையே போர்டு இறந்ததற்குச் சாட்சியாகக் காட்டுவது என்ன நியாயம்?

இந்த ஊமை நிலைமை புதிதும் அல்ல. 1981இல் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை விற்ற காலத்திலேயே இது தெரியும். ஸ்கிரீன் வராவிட்டாலும் பேச உள்ளே ஒரு ஸ்பீக்கர் இருந்தது. ஒரு சின்ன பீப் வந்தால் எல்லாம் நலம். வேறு மாதிரி பீப் வந்தால் வேறு நோய். ஸ்கிரீன் வரும் அளவுக்கு உயிர் இருந்தால் 201 என்ற எண் தெரியும், மெமரியில் கோளாறு என்று அர்த்தம். அந்த மெஷினில் ரேம் கூட்டினால் போர்டில் உள்ள குட்டி சுவிட்சுகளையும் புதிய அளவுக்கு ஏற்ப மாற்றி வைக்க வேண்டும். ரேம் போட்டுவிட்டு மெஷினோடு மல்லுக்கட்டுவது கம்ப்யூட்டரின் பிறப்பிலிருந்தே உள்ள சடங்கு!

இன்றைக்கு என்ன ஆயிற்று? போர்டில் ஸ்பீக்கருக்கான நாலு பின் இருக்கும், ஸ்பீக்கர் இருக்காது. தனியாக வாங்கினால் அதன் விலை ஒரு சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. ஆனாலும் பெரும்பாலான கேபினெட்டுகளில் அது கிடையாது. கொஞ்சம் நல்ல போர்டுகளில் பதிலுக்கு நாலு குட்டி விளக்குகள் உண்டு: சி.பி.யூ., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று பெயர் போட்டிருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வலி. லேப்டாப்களிலும் பல மாடல்கள் கேப்ஸ் லாக் விளக்கையோ பேட்டரி விளக்கையோ கணக்காகச் சிமிட்டிச் சொல்கின்றன. எத்தனை சிமிட்டலுக்கு என்ன பொருள் என்று அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். மெஷின் பேசுகிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

*

சரி, ரேம் போட்ட பிறகு மெஷின் கிளம்பாததற்கு உண்மையான காரணங்கள் என்னென்ன?

முதலாவது, ரேம் முழுதாக உட்காரவில்லை. எல்லாவற்றிலும் சாதாரணமானது இதுதான். போர்டு வளைந்துவிடுமோ என்று பயந்து பூப்போல வைப்பார்கள். அதற்குப் பூப்போல வைத்தால் போதாது. இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி, கிளிப் "டக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் அசையும். மறுபக்கம் உட்கார்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். தங்க நிறப் பின்களில் விரல் அழுக்கு, ஸ்லாட்டில் தூசி என்பதும் இதே ஜாதி. செலவு: பூஜ்யம்.

இரண்டாவது, தலைமுறை மாறாட்டம். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 மூன்றுக்கும் நடுவில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. அப்படியும் பலத்தைக் காட்டி அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

மூன்றாவதுதான் ரொம்ப வில்லங்கம். வெட்டும் பொருந்தும், கிளிப்பும் பூட்டும், ஆனாலும் மெஷின் கிளம்பாது. லேப்டாப் டி.டி.ஆர்.3இல் 1.5 வோல்ட்டும் உண்டு, டி.டி.ஆர்.3எல் என்ற 1.35 வோல்ட்டும் உண்டு. இரண்டுக்கும் உருவம் ஒன்றே. இன்டெல்லின் நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பொதுவாக 1.35 வோல்ட் ரேமைத்தான் ஏற்கும். அதேபோல சர்வரிலிருந்து கழற்றிய பழைய டி.டி.ஆர்.4 ரேம் மலிவாகக் கிடைக்கும். அதில் ரிஜிஸ்டர்ட் என்ற வகை சாதாரண டெஸ்க்டாப் ஸ்லாட்டில் ஜோராக உட்காரும், ஆனால் மெஷின் கிளம்பாது. மலிவு விலைக்குப் பின்னால் உள்ள ரகசியம் அதுதான். 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியபோது, பழைய ரேம் பக்கம் கண்ணை ஓட்டியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவின் மெஷினும் இந்த மூன்றாவது வகைதான். அது இன்டெல் ஜி41 சிப்செட் போர்டு. அது 4 ஜி.பி. ரேமை ஏற்கும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ரேம் குச்சியில் ஒவ்வொரு சிப்பும் 256 எம்.பி.க்கு மேல் போகக்கூடாது. அப்படியானால் 4 ஜி.பி.க்கு இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப்புகள் வேண்டும். அக்காவுக்குக் கடையில் கொடுத்ததில் 8 சிப்புகள்தான், ஒவ்வொன்றும் 512 எம்.பி. போர்டுக்கு அந்தப் பாஷை தெரியாது. போர்டிலும் குற்றமில்லை, ரேமிலும் குற்றமில்லை. ஜாதகப் பொருத்தம்தான் இல்லை. இதைக் கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம், சிப்புகளை எண்ணத் தெரிந்தால் போதும்.

நான்காவது, ஸ்லாட் தேர்வு. நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போட வேண்டுமானால், பெரும்பாலானவற்றில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். இதோடு சேர்ந்தது வேக ஆசை. டப்பாவில் அச்சடித்திருக்கும் பெரிய வேகம் பல சமயம் எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ என்ற ஓவர்கிளாக் கணக்கில் வருவது. பயாஸில் அதை இயக்கி, பிராசஸரால் தாங்க முடியாவிட்டால் திரை கறுப்புதான். பயாஸ் பழசாக இருந்து புது ரேமை அடையாளம் தெரியாமல் விழிப்பதும் உண்டு.

ஐந்தாவது, பொறுமையின்மை. டி.டி.ஆர்.5 மெஷின்களில், முக்கியமாக 2022இல் வந்த ஏ.எம்.டி. ஏ.எம்.5 வகைகளில், புது ரேம் போட்ட முதல் தடவை அதைப் பழக்கிக்கொள்ள பல நிமிடம் ஆகலாம். ஸ்கிரீன் வராமல் சும்மா நிற்பது போலத் தெரியும். முப்பது வினாடியில் பயந்துபோய் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆறாவது, கை பட்டது. ரேம் மாட்டும்போது முழங்கை இடித்து பிராசஸருக்குப் போகும் பவர் ஒயர் தளர்ந்திருக்கும். அல்லது கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் மானிட்டர் ஒயரைத் திரும்ப மாட்டும்போது போர்டில் உள்ள துளையில் செருகியிருப்பார்கள். மெஷின் உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், படம் மட்டும் போகிற இடத்துக்குப் போகாது.

எண்ணிப் பாருங்கள். ஆறு காரணங்கள். ஒன்றில்கூட போர்டு சாகவில்லை!

*

சோதிக்கும் முறையும் பிரம்ம வித்தை இல்லை. கடைசியாக என்ன மாற்றினோமோ அதைத் திரும்ப மாற்று என்பதுதான் முதல் விதி. பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்சக் கரண்டைத் தீர்த்துவிட்டு, பழைய ரேமை மாட்ட வேண்டும். லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் எடுக்க வேண்டும். கிளம்பினால் போர்டு உயிரோடு இருக்கிறது, வழக்கு தள்ளுபடி.

கிளம்பாவிட்டால் ஒரே ஒரு ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பின்களை மெல்லத் துடைக்கலாம். பயாஸ் அமைப்பை அழிக்க, போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வைக்கலாம். (டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் ரெக்கவரி கீ கேட்கக்கூடும். முன்கூட்டியே குறித்து வைப்பது புத்திசாலித்தனம்.)

டெஸ்க்டாப்புக்கு இன்னொரு அழகான சோதனை உண்டு. ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, ரேமே இல்லாமல் சுவிட்சைப் போட வேண்டும். "எனக்கு ரேம் இல்லை" என்று மெஷின் பீப் பீப் என்று கத்தினால் போர்டும் பிராசஸரும் அந்த அளவுக்கு உயிரோடு இருக்கின்றன என்று பொருள். செத்தது கத்தாது.

மெஷின் கிளம்பிய பிறகும் ரேம் மேல் சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட்86 இருக்கிறது. 1994இல் கிறிஸ் பிரேடி எழுதியது. விண்டோஸிலேயே ஒரு மெமரி சோதனையும் உண்டு. எல்லாம் சேர்த்து அரை நாள் வேலை. மெக்கானிக்குக் கைப்பழக்கம் உள்ளதால் கிளம்ப வைக்கும் சோதனைகளை அரை மணியில் முடித்துவிடலாம்.

அப்படியானால் போர்டு போவதே இல்லையா? போகும். பவர் இருக்கும்போதே ரேமைப் பிடுங்கினால் போகும். ஸ்லாட்டில் பின் வளைந்தால் போகும். உடம்பின் நிலைமின்சாரம் பாய்ந்தாலும் போகலாம். "போர்டு போச்சு" என்ற வாக்கியம் பொய் என்பதல்ல குற்றச்சாட்டு. அந்த வாக்கியம் கடைசியாக வர வேண்டியது, முதலில் வருகிறது என்பதுதான். நன்றாக வேலை செய்யும் இன்னொரு ரேமைப் போட்டுப் பார்த்தீர்களா, இந்த ரேமை இன்னொரு மெஷினில் போட்டுப் பார்த்தீர்களா என்ற இரண்டு கேள்விக்குப் பதில் இல்லாதவரை அது நோய்க்கணிப்பு இல்லை, விற்பனைப் பேச்சு.

*

இனிதான் முக்கியமான விஷயம். மெக்கானிக் ஏன் பார்க்காமல் சொல்கிறார்? அவருக்குத் தெரியாது என்றா, அவர் திருடன் என்றா? இரண்டும் சுலபமான பதில்கள். சுலபமான பதில்கள் அநேகமாகத் தப்பாகவே இருக்கும்.

மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதாரவாதிகள் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கார் ரிப்பேர் போன்ற சேவைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது என்றார்கள். வாங்கும் முன்பு மட்டுமல்ல, வாங்கிய பிறகும் அது தேவைதானா என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. போர்டை மாற்றினார், மெஷின் ஓடுகிறது. பழைய போர்டு உண்மையிலேயே செத்ததா? யாருக்குத் தெரியும்? நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் தேவையில்லாத மருந்து விற்கும் ஆசை தானாகவே வரும்.

இதோடு ஊர் வழக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள். அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, ரேமை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணுமில்லக்கா, சரியா மாட்டல, அவ்வளவுதான்" என்று சொல்லும் மெக்கானிக்குக் கிடைப்பது என்ன? "ஒண்ணுமில்லைன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்குக் காசு?" கிடைத்தால் ஒரு டீ. அதே ஆள் போர்டை மாற்றினால் கேள்வி கேட்காமல் காசு வருகிறது, அதில் அவருக்கு லாபமும் நிற்கிறது. நேர்மைக்கு டீ, பொய்க்குப் பதினோராயிரம் என்று விலை நிர்ணயம் செய்தவர்கள் யார்? மெக்கானிக் மட்டுமா?

டாக்டரிடம் போனால் மருந்தே எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறார்கள். வக்கீல் "கேஸ் நிக்காது" என்று சொன்னாலும் ஃபீஸ் உண்டு. ஆடிட்டர் கணக்கைப் பார்த்து "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போடுவதற்குத்தானே சம்பளமே! அறிவுக்குக் காசு கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அதே ஜனங்கள், கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவரின் அறிவுக்கு மட்டும் காசு தர மாட்டார்கள். பொருளுக்குத்தான் காசு. பார்த்துச் சொல்வதற்குக் காசு கொடுக்காத ஊரில் பார்க்காமல்தான் சொல்வார்கள்.

தீர்வும் அங்கேயே இருக்கிறது. கடை வாசலில் ஒரு போர்டு தொங்கட்டும், மதர்போர்டு இல்லை, அறிவிப்புப் போர்டு: "சோதனைக் கட்டணம் ரூ. 300. என்ன பார்த்தோம் என்று எழுதித் தரப்படும்." ரேம் சரியாக மாட்டாததுதான் கோளாறு என்றாலும் முந்நூறு. வாடிக்கையாளரும் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும். பதினோராயிரம் எங்கே, முந்நூறு எங்கே? இந்தக் கூட்டல் கழித்தலுக்கு பி.காம். படிக்க வேண்டியதில்லை.

*

கடைசியாக, அந்த ரேம். அக்கா அதைத் திருப்பிக் கொடுக்கப் போனார். "பில் இருக்கா?" என்றார்கள். பில் கொடுக்காத கடையிலேயே பில் கேட்டார்கள்! வாங்கும்போது "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும், வேணுமா?" என்று கேட்டது அவர்கள்தான்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்ன சொல்கிறது? விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. "இது கடைக்கு வாங்கினது, நுகர்வோர் கிடையாது" என்றும் தட்டிக்கழிக்க முடியாது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அக்காவின் ரேம் குறையுள்ள பொருள் இல்லை, பொருந்தாத பொருள். "இந்த போர்டுக்கு" என்று கேட்டுத்தான் வாங்கினார் என்பதை நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். பில்லில் போர்டின் மாடலையும் எழுதி வாங்கியிருந்தால் பேசுவதற்கு வலு இருந்திருக்கும். பில் வேண்டாம் என்று மிச்சம் பிடித்த வரி, முழு ரேமின் விலையையும் கொண்டுபோய்விட்டது.

அந்த மெஷின் இன்றும் அதே 2 ஜி.பி.யில் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடுகிறது. பரீட்சைக் கட்டண வாரத்தையும் அதுதான் தாண்டியது. புது ரேம் கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிறது.

அடுத்த முறை யாராவது "போர்டு போச்சு" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். "அண்ணா, பழைய ரேமைப் போட்டுப் பாத்தீங்களா? பாக்கறதுக்குக் காசு தர்றேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். முதல் கேள்விக்கு ஒழுங்கான பதிலை வரவழைப்பது அதுதான்.